காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்காரர்களுக்கு நன்றி

எம்.எஸ்சி. விலங்கியல் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதில் நன்றிக்கு ஒரே பக்கம்தான், அதுவும் பேராசிரியர்கள் பெயரிலேயே நிரம்பிவிட்டது. இந்த வேலையைத் தாங்கிப் பிடித்தவர்கள் நீங்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாட்டின் மூக்கு ரத்தக்குழாயில் தங்கிக் குறட்டை நோயைக் கொடுக்கும் தட்டைப்புழுவை எம். ஏ. என். ராவ் சென்னையில் 1933இலேயே விவரித்துவிட்டார். அந்த வகைப் புழுக்களின் இளம்பருவம்தான் செர்கேரியா. நத்தையிலிருந்து வெளியே வந்து, கவட்டை வாலை ஆட்டி நீந்தி, தோலைத் துளைத்து உள்ளே போகும். மாட்டு ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீரான சீரத்தில் விட்டால் அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

தாத்தா, கழனிக்கால்வாயில் "எங்க கால் வச்சா அரிக்குதோ அங்க தேடும்மா" என்று நீங்கள் சொன்னது எவ்வளவு சரி! மனிதத் தோலுக்குள் நுழைந்த மாட்டுப்புழுவின் செர்கேரியா அங்கேயே செத்துப்போகும், அந்த அரிப்பு அதனால் வருவதுதான். நத்தைகள் அங்கேதான் கிடைத்தன.

அப்புறம் சீரம். செர்கேரியாவின் மேல் சர்க்கரைச் சத்தாலான ஒரு படலம் இருக்கும், சீரத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் அதைத் தொட்டதும் கிளம்பிப் புழுவைத் தாக்கும், ஆனால் தோலுக்குள் போகிறபோதே வாலையும் படலத்தையும் கழற்றிவிடுகிற புழு தப்பித்துவிடும். இந்தப் புரதங்களுக்குச் சூடு ஆகவே ஆகாது. 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் செயலிழந்துவிடும், வெளியே சும்மா வைத்தாலும் மணிக்கணக்கில் வலு குறைந்துகொண்டே போகும். வேலூர் சித்திரை வெயிலில் ரத்தம் பிடித்த சோதனைக்குழாயைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் ஆய்வே வீண். மீன் கடை அண்ணா, ஒவ்வொரு முறையும் கேட்காமலே ஐஸை உடைத்துப் பெட்டியில் நிரப்பிக் கொடுத்தீர்களே, என் முடிவுகள் நின்றது அந்த ஐஸில்தான்.

ரத்தம் எடுத்தால் பால் வற்றிவிடும் என்று எல்லாரும் பயமுறுத்தியும் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? காசு வாங்க மாட்டேன் என்றதோடு மோரும் கொடுத்தீர்கள். குறட்டை விட்ட அந்தக் கிடாரிக்கு மருந்தும் போட்டு ரத்தமும் எடுத்துக் கொடுத்த மாட்டு டாக்டர் சார், ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து போட்ட சோதனைக்குழாய் வேண்டாம், அது காம்ப்ளிமென்ட்டை முடக்கிவிடும் என்று அன்று தடுத்தது நீங்கள்தான்.

பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். புதுச் சீரத்தில் செர்கேரியாக்கள் சீக்கிரமே ஓய்ந்தன, சூடாக்கிய சீரத்தில் நீந்திக்கொண்டே இருந்தன. கிடாரியின் சீரத்தில் சிலவற்றைச் சுற்றி மெல்லிய உறை படிந்தது. தொற்று உள்ள உடம்பின் சீரத்தில் இப்படி உறை உண்டாவதை ஃபோகல், மின்னிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1949இல் எழுதியிருக்கிறார்கள். அதை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்திருக்கிறேன். பொங்கல் முடிந்ததும் வருகிறேன், படங்களையும் எடுத்து வருகிறேன்.