பதினைந்து நாளில் என்னென்ன கையெழுத்து

காட்பாடி,
ஐப்பசி 12

கண்ணு,

நவம்பர் கடைசி வாரத்துக்கு டிக்கெட் போட்டது நல்லதாகப் போயிற்று. அங்கே சிங்கப்பூரில் பள்ளிக்கூட லீவு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய ஆறு வாரம். அதை விட்டால் அடுத்த பெரிய லீவு ஜூன்தான். இங்கேயும் தீபாவளி முடிந்து ஆபீஸில் ஆள் இருப்பார்கள். உன்னிடம் இருப்பது 15 நாள், அதில் இரண்டு சனி ஞாயிறு போய்விடும். மிச்சம் பத்துப் பதினோரு வேலை நாள். அப்பா போன பிறகு அவர் சொத்து, கணக்குப் பேப்பர்களில் எதில் நீ கையெழுத்துப் போடவேண்டும், எதில் போடக்கூடாது என்று இப்போதே எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சர்வே நம்பர் விட்டுப்போகும்.

முதலில் பெயர். இதில்தான் எல்லார் காரியமும் நிற்கிறது. இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. ஆதாரில் தாத்தா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் இனிஷியலே இல்லை. உன் கதையும் அதேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில். ஆதாரில் உன் வீட்டுக்காரர் இனிஷியல். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று ஆள். அதனால் வாரிசுச் சான்றிதழ் மனுவில் உன் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, நடுவில் 'என்கிற' போட்டு ஆதார் பெயரையும் சேர்த்தேன். அப்பாவுக்கு, இந்த மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் தயாராக இருக்கிறது. நீ வரும்போது நடப்பு பாஸ்போர்ட், காட்பாடி முகவரி உள்ள பழைய பாஸ்போர்ட், பான் கார்டு, கல்யாணப் பதிவுச் சான்றிதழ், சிங்கப்பூர் அடையாள அட்டை நகல், வெள்ளைப் பின்னணியில் பத்து போட்டோ கொண்டுவா. இங்கே வந்து எடுத்துக்கலாம் என்று நினைக்காதே, அதற்கு ஒரு அரை நாள் போகும்.

வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் கையெழுத்தாகி வந்துவிட்டது. இ-சேவையில் 60 ரூபாய் கட்டி மனு போட்டது; கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்தது. நாலு பேர்: நான், அண்ணன், நீ, அப்பாவைப் பெற்ற ஆயா. கட்டிக்கொடுத்த பெண், அதிலும் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று மகள் பெயரை விட்டுவிட்டு மனு போடும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. விட்டால் பின்னால் திருத்த அலைய வேண்டும். தெரிந்தே விட்டால் அது பொய்ச் சான்று.

இனி வீடு. அப்பா உயில் எழுதவில்லை. வீடு அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் நாலு பேருக்கும் சமபங்கு, ஆளுக்குக் கால். ஆயாவுக்குப் பங்கு உண்டு என்பதையே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். இறந்தவருடைய அப்பா முதல் வகுப்பு வாரிசில் வரமாட்டார், அம்மா வருவார். ஆயாவுக்கு 88 வயது. நாளை அவருக்கு ஒன்று ஆனால் அந்தக் கால் பங்கு உன் சித்தப்பாக்கள், அத்தைகள் எல்லாருக்கும் பிரியும். அப்பாவுடைய பங்காக உனக்கும் அண்ணனுக்கும் அதில் ஒரு துளி வரும். அப்புறம் இந்த வீட்டில் ஒரு சின்ன கடன் வாங்கவும் ஏழு பேர் கையெழுத்து வேண்டியிருக்கும். ஆயாவுக்கு மனசு இருந்தால் தன் பங்கை விட்டுக்கொடுத்து இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதலாம். நடக்க முடியாதவருக்கு சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவார், அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் பேப்பரை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பாக்கள் உட்கார்ந்திருக்கும்போது, எல்லார் காதிலும் விழ, ஒரு தடவை கேட்போம். சரி என்றால் சரி. இல்லை என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உன் பங்குக்கு வருகிறேன். அண்ணன் உன்னிடம் வாட்ஸப்பில், "எல்லாம் அம்மா பேரிலேயே இருக்கட்டும், விடுதலை எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று சொன்னது தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எழுதாதே. குடும்பத்துக்குள் விடுதலைக்குச் செலவு அதிகமில்லை. முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, 10,000 ரூபாயைத் தாண்டாது. 2023 ஜூலையில் ஏற்றிய பிறகும் இவ்வளவுதான். செலவு குறைவு என்பதாலேயே அவசரத்தில் போட்டுவிடுகிறார்கள். போட்ட பிறகு நீ மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. அந்தப் பங்கு என் சொத்தாகிவிடும். அதை நான் யாருக்கு எழுதிவைத்தாலும் நீ கேட்க முடியாது. நான் எழுதமாட்டேன் என்பது உனக்குத் தெரியும், ஆனால் 75 வயதில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீ அங்கே நிரந்தரவாசி, வேலையும் பிள்ளைகள் படிப்பும் அங்கே. அதற்காக இந்த ஊரில் விருந்தாளி ஆகவேண்டியதில்லை.

இப்போதைக்கு வேண்டியது பட்டா மாறுதல் மட்டும்: நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டா, உட்பிரிவு இல்லாமல். உட்பிரிவு கேட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு உன் லீவு போதாது. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவுதான், உரிமை பத்திரத்திலும் சட்டத்திலும் இருக்கிறது. இதைத் தெரியாதவர்கள்தான் பட்டா என் பேரில் இருக்கிறது என்று மார்தட்டுவார்கள். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

சோளிங்கர் பக்கத்து நிலத்துக்குத் தனி ஒரு நாள் ஒதுக்கு. தாத்தா வாங்கிய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபோது நம்முடையது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர். 2019இல் மறுபடி பிரித்ததில் சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது, காட்பாடி வேலூரிலேயே நின்றது. ஆக வீட்டுக்கு ஒரு மாவட்டம், நிலத்துக்கு ஒரு மாவட்டம். வில்லங்கச் சான்று போடும்போது பழைய ஆண்டுகளுக்குப் பழைய சார்பதிவகம் எது என்று பார்த்துப் போடவேண்டும். இல்லையென்றால் 'வில்லங்கம் எதுவும் இல்லை' என்று வெறும் தாள் வரும், அதை நம்பி ஏமாறக்கூடாது. இன்னொன்று: விவசாய நிலம் வாரிசாக உனக்கு வரலாம், வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க அன்னியச் செலாவணி விதி இடம் கொடுக்காது. அண்ணன் பங்கை நீயே பணம் கொடுத்து வாங்கிக்கொள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து வா.

உன்னால் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனால் அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். பொது அதிகாரம் வேண்டாம், சிறப்பு அதிகாரம். பட்டா, வங்கி, மின் இணைப்பு இந்த மூன்றுக்கு மட்டும், சர்வே நம்பரோடு. விற்க, அடமானம் வைக்க அதிகாரம் இல்லை என்று ஒரு வரி கட்டாயம். அங்கே நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாள் வெளிநாட்டில் செல்லுவதற்காக சிங்கப்பூர் சட்டக் கழகம் தரும் அப்போஸ்டில் சான்று வாங்கவேண்டும். அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2021 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாள் இந்தியா வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். கூரியர் கவரைத் தூக்கிப் போடாமல் வைப்பது இதற்காகத்தான், வந்த தேதி அதில் இருக்கும்.

வங்கியில் வைப்புத்தொகைக்கு நாமினி நான், அதில் உன் கையெழுத்து தேவையில்லை. நாமினி வாங்கிக் கொடுப்பவர், சொந்தக்காரர் அல்ல, அதனால் அதில் உனக்குள்ள பங்கு இருக்கிறது. நாமினி போடாத சேமிப்புக் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு நாலு பேரும் கையெழுத்துப் போடவேண்டும், அதை முதல் நாளே முடித்துவிடு. எல்லாப் பேப்பரும் கொடுத்த பிறகு 15 நாளுக்குள் தீர்க்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதைச் சொல்லிக் கேட்கலாம். உன் கல்லூரிக் காலத்து சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்று, பங்குப் பணம் அதில்தான் வரவேண்டும். வாரிசுச் சொத்துக்கு வரி என்று இரண்டு நாட்டிலும் இப்போது இல்லை. இங்கே எஸ்டேட் டியூட்டி 1985இல் போயிற்று, அங்கே 2008இல்.

அப்பாவின் போனை எடுத்துச் செல்ல ஆசைப்படுவாய். போனை எடுத்துக்கொள், சிம்மை விட்டுவிடு. கேஸ், மின்சாரம், வருமான வரி எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த நம்பருக்குத்தான் வருகிறது. 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நம்பர் போய், வேறு ஒருவர் கைக்கு வந்துவிடும். மாதாமாதம் ரீசார்ஜ் போட்டு அந்தப் பழைய பட்டன் போனில் வைத்திருக்கிறேன். எல்லாம் மாறிய பிறகுதான் நிறுத்தவேண்டும்.

என்னை அங்கே வந்து இருக்கச் சொல்கிறாய். ஆயா இருக்கும்வரை வந்து தங்கமாட்டேன். மார்ச்சில் ஒரு மாதம் வருகிறேன். மூன்று மாதத்துக்கு மேல் மாத்திரை கொண்டுவரக்கூடாது, சீட்டில் மருந்தின் ரசாயனப் பெயர் இருக்கவேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குச் சிக்கல் இல்லை. இப்போது தூக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்களே, அல்ப்ரசோலம், அதற்கு அங்கே முன்அனுமதி வேண்டும். ஆன்லைனில் நீ போட்டு வாங்கிவிடு. அதற்குள் அந்த மாத்திரையை விட்டால் இன்னும் நல்லது.

இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை. ஆனால் நீ வேறு வீட்டுப் பெண், பங்காளிக் கணக்கு உனக்கு வராது. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடு, பொங்கல் வை.

அமாவாசைக்கு நீ படைப்பது சரிதான். ஆனால் கீழே இறங்கிப் போய்ப் புல்தரையில் காக்கைக்குச் சோறு வைத்ததாகச் சொன்னாயே, அதை இனிமேல் செய்யாதே. அங்கே காட்டுப் பறவைக்குத் தீனி போடுவது குற்றம், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து நீங்களே சாப்பிடுங்கள். காக்கைக்கு நான் இங்கே மாடிச் சுவரில் வைக்கிறேன். பதினொன்றரைக்கு வைப்பேன், உங்களுக்கு மதியம் இரண்டு மணி. வைத்ததும் போன் பண்ணுகிறேன், அப்புறம் நீங்கள் இலையில் உட்காருங்கள்.

வரும்போது சாக்லேட் சுமக்காதே. கோடாலித் தைலம் வழக்கம்போல ஆறு பாட்டில் வாங்கு. அப்பாவுடைய இரண்டையும் ஆயா முட்டிக்குத் தேய்த்துக்கொள்ளும்.

அம்மா