பொது அறிவுப் பகுதியில் உயிரியல் வினாக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் பொது அறிவு வினா விடைப் பகுதியைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருபவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அதில் வரும் உயிரியல் வினாக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையையோ பெயரையோ கேட்பவையாகவே இருக்கின்றன: மனித உடலில் எத்தனை எலும்புகள், செல்லின் ஆற்றல் நிலையம் எது, உடலின் மிகப் பெரிய சுரப்பி எது. 206, மைட்டோகாண்ட்ரியா, கல்லீரல் என்று தயங்காமல் சொல்பவருக்கு, பிறந்த குழந்தையிடம் அதைவிடக் கூடுதலான எலும்புகள் இருப்பதும், வளர வளர அவற்றுள் பல ஒன்றாக இணைவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வதில் வேறொரு சிக்கலும் உண்டு. மனித செல்லில் உள்ள குரோமோசோம்கள் 48 என்பதே 1920களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சரியான விடையாக ஏற்கப்பட்டிருந்தது. 1956இல் ஜோ ஹின் டிஜியோவும் ஆல்பர்ட் லெவனும் தெளிவாக எண்ணிக் காட்டிய பிறகே அது 46 ஆயிற்று. (அதற்கு முன்பே 46 என்று எழுதி மதிப்பெண் இழந்தவர் எவரேனும் இருந்தால், அவருக்காக இப்போது வருந்துவதைத் தவிர வேறு வழியில்லை.)

மாறாக, ஒரு பெரிய மரத்தின் கட்டையில் இருக்கும் எடை முக்கியமாக எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில், ஒளிச்சேர்க்கையின் வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கக் கூடியவர்கள் உட்பட, பலரும் மண் என்றே சொன்னார்கள். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றொன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். இறுதியில் மரத்தின் எடை 169 பவுண்டாக உயர்ந்திருந்தது. மண்ணிலோ ஏறத்தாழ இரண்டு அவுன்சுதான் குறைந்திருந்தது. மண் அல்ல என்று காட்டிய அவரே, அத்தனையும் நீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டித் தவறினார். கட்டையிலுள்ள கார்பன் முழுவதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே மண், நீர், காற்று, சூரிய ஒளி என்று நான்கு விடைகள் கொடுத்தால், தவறான ஒவ்வொரு விடையும் ஒருவர் எங்கே வழி மாறினார் என்பதைக் காட்டிக் கொடுக்கும். சூரிய ஒளியைத் தேர்ந்தெடுப்பவர், எடுத்துக்காட்டாக, ஆற்றலையும் பொருளையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக் கொள்கிறார்.

வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் ஏன் பயன்படாது என்பதும் இத்தகைய வினாதான். பென்சிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது.

வாரத்துக்கு இப்படி ஒரே ஒரு வினாவையாவது வெளியிட்டு, விடையோடு அதற்கான காரணத்தையும் இரண்டு வரிகளில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால் எலும்புகளின் எண்ணிக்கையைக் கேட்கும் வினாவை நீக்கிவிடலாம். அது இந்த ஆண்டிலேயே பலமுறை வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்