பெயின்கில்லருக்கு முன்னால் ஆக்சிஜன்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) டைவ் சென்டர் நடத்துகிறவர்களுக்கும் இன்ஸ்ட்ரக்டர்களுக்கும் வணக்கம்.

டைவ் முடித்து வந்தவர் தோள் வலிக்கிறது, கை மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார். "டேங்க் தூக்கினதால இருக்கும், ஒரு பெயின்கில்லர் போட்டுப் படுங்க, காலையில பார்க்கலாம்." என் நண்பருக்கு ஒரு கடற்கரையில் இப்படித்தான் சொன்னார்கள். தயவுசெய்து நீங்கள் யாருக்கும் சொல்லாதீர்கள்.

அது டிகம்ப்ரஷன் சிக்னஸ் என்ற அழுத்தக்குறைவு நோயாக இருக்கலாம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகி எங்கே தங்கும் என்று சொல்ல முடியாது. மூட்டில் என்றால் வலியோடு போகும், தண்டுவடம் என்றால் கால் விளங்காமல் போகலாம், சிறுநீர்கூட வராமல் அடைத்துக்கொள்ளலாம். டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் வைத்து எப்படி ஏறணும் என்று காட்டும் கருவி) சொன்னபடிதானே ஏறினோம் என்ற வாதம் எடுபடாது, அப்படி ஏறியவர்களுக்கும் வருகிறது.

சரி, முதலில் செய்ய வேண்டியது அவரைப் படுக்க வைத்து 100 சதவீத ஆக்சிஜன் கொடுப்பது, தொடர்ந்து ஆக்சிஜன் பாயும் நான்-ரீப்ரீதர் மாஸ்க் (வெளிவிட்ட காற்றைத் திரும்ப இழுக்காத, பை வைத்த மாஸ்க்) என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அப்புறம் டைவிங் மருத்துவருக்குப் போன். இங்கேதான் உங்கள் சிலிண்டரைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன்: 400 லிட்டர் சிலிண்டர் அரை மணி நேரம்கூடத் தாங்காது, போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், காத்திருக்கும் நேரம் தனி. இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை, அதாவது சேம்பர், இருப்பது அங்கே, கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். தன்வந்திரி மருத்துவமனையில். 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆரம்பித்து, ஆக்சிஜன் சுவாசிக்க வைத்தே மெல்லக் குறைத்துக்கொண்டு வரும் வழக்கமான சிகிச்சை, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். மறுபடி தண்ணீரில் இறக்கிச் சரிசெய்கிறேன் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆக்சிஜன் கொடுத்ததும் வலி விட்டுப்போகலாம். குணமாகிவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள், திரும்பவும் வரலாம்.

எல்லோரையும் சேம்பருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலி, தோல் தடிப்பு, அசதி இவ்வளவுதான், கூடிக்கொண்டு போகவில்லை, நரம்புப் பரிசோதனையிலும் குறையில்லை என்றால் சேம்பர் இல்லாமலே சமாளிக்கலாம் என்று டைவிங் மருத்துவர்களே ஏற்றிருக்கிறார்கள். ஆனால் அது லேசானதுதானா என்று முடிவுசெய்ய வேண்டியவர் அந்த மருத்துவர். நீங்கள் இல்லை. மறுநாள் விமானம் போய்விடுமே என்று "ஒண்ணுமில்ல" சொல்லும் கஸ்டமரும் இல்லை. விமானத்துக்குள் அழுத்தம் குறைவு, இருக்கிற குமிழி இன்னும் பெரிதாகும்.

அடுத்த சீசனுக்கு முன் டைவிங் மருத்துவர் எண்ணைப் படகிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆக்சிஜன் எத்தனை லிட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று புக்கிங் போடும்போதே டைவ் பண்ண வருகிற நாங்கள் கேட்கப்போகிறோம், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.