நான்கு டிஸ்க்குகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள கண்ணா,

ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல்.

உன் வீட்டு சர்வரில் இருக்கும் நான்கு டெராபைட் டிஸ்க்குகளில் ஒன்று எட்டு செக்டர்களை, அதாவது தகவல் எழுதும் சிறு கட்டங்களை, படிக்க முடியாமல் நிலுவையில் வைத்திருக்கிறது என்றும், எட்டு டெராபைட் டிஸ்க்குகள் நான்கை வாங்கிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான்கையும் மாற்றிவிடப் போவதாகவும் நேற்றிரவு சொன்னாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் படுத்தபின் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். இதை அச்செடுத்து சர்வர் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். டிஸ்க்கை மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலுவைச் செக்டர் காட்டும் டிஸ்க்கை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பரப்பைப் பரிசோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதத்துக்குள் மாற்றிவிடு. ஆனால் ஒரே நாளில் மாற்றாதே. உன்னுடையது ஒற்றைப் பேரிட்டி அமைப்பு. நான்கில் எது போனாலும் மற்ற மூன்றிலிருந்து அதைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு போனால் எல்லாம் போயிற்று. ஒரு டிஸ்க்கைக் கழற்றிய அந்த நிமிடமே உனக்கு இருந்த அந்த ஒரு சலுகையைச் செலவழித்துவிடுகிறாய். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஏறத்தாழ 3.4 டெராபைட் நிறைந்திருப்பதாகச் சொன்னாய். நொடிக்கு 150 மெகாபைட் என்று தாராளமாக வைத்தாலும் ஆறேகால் மணி நேரம், சின்னச் சின்னக் கோப்புகள் மிகுந்திருந்தால் அதைப்போல் இரு மடங்கு ஆகும். அந்த நேரம் முழுவதும் மற்ற டிஸ்க்குகளின் மூலைமுடுக்கையெல்லாம் சர்வர் படித்துக்கொண்டிருக்கும், அவையும் அதே ஆண்டு, அதே கடையில் வாங்கியவை.

இன்னொன்று. இன்று காலை என் சர்வரைத் திறந்து பார்த்தேன். உன் வீட்டிலிருந்து இரவுதோறும் இங்கே வரவேண்டிய நகல் 19 நாள்களாக வரவில்லை. நீ இணைய இணைப்பை மாற்றிய நாளும் அதுவும் ஒத்துப்போகின்றன. முதலில் அதைச் சரிசெய். முழு நகலும் வந்தபின் நான் இங்கே உன் அறுபது எழுபது கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார்ப்பேன். வங்கியில் இருபது ஆண்டுகள் மாலைதோறும் டேப்பில் நகல் எடுத்துப் பெட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டவள் நான். எடுத்த நகலைத் திரும்ப ஏற்றிப் பார்க்காதவரை அது நகலே இல்லை என்பது எங்கள் கிளையில் எல்லோருக்கும் பட்டுத் தெரிந்த விஷயம். பழைய டிஸ்க்குகள் நான்கும் கையில் இருக்குமே, அவையே நகல்தானே என்று நீ கேட்டாய். இல்லை. உன் நான்கு டிஸ்க்குகளையும் ஒரே கூடாகச் சேர்த்து ஆளும் மென்பொருளான இசட்எஃப்எஸ்ஸில் ஒரு டிஸ்க்கை மாற்றி முடித்ததும் பழையது அந்தக் கூட்டிலிருந்து விலக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு நாளில் ஒவ்வொன்றாக விலகிய நான்கை மறுபடி ஒன்றாகச் செருகினால் அவை தாமாக ஒரு கூடாகச் சேர்ந்துகொள்ள மாட்டா.

புது டிஸ்க்குகள் வந்ததும் அவற்றின் மாதிரி எண்ணைப் பார்த்து, எழுதும் முறை எது என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் உறுதி செய்துகொள். தடங்களை நாட்டு ஓடு வேய்வதுபோல் ஒன்றின் விளிம்பில் மற்றொன்று படியுமாறு எழுதும் டிஸ்க்குகள் உண்டு. கூரையில் நடு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே படிந்த ஓடுகளையும் தூக்க வேண்டுமல்லவா, அதைப்போல் ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் அவை திரும்ப எழுத வேண்டியிருக்கும். சும்மா சேமித்து வைக்க அவை போதும். மணிக்கணக்காக இடைவிடாமல் எழுதும் இந்த வேலையில் மூச்சுத் திணறி, சில சமயம் பழுதான டிஸ்க் என்றே கருதப்பட்டு வெளியே தள்ளப்படும். 2020-இல் சேமிப்பு சர்வருக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளிலும் இந்த முறை சொல்லப்படாமல் இருந்தது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. உன்னுடையவை அப்படிப்பட்டவையானால் திருப்பிக் கொடுத்துவிடு.

சரியானவை என்றால், பழைய மேசைக் கணினியில் இணைத்து முதலில் டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீள்பரிசோதனையும், பிறகு பேட்பிளாக்ஸ் என்ற நிரலின் எழுதும் பரிசோதனையும் ஓட்டு. நான்கு விதமான வடிவங்களை எழுதி எழுதிப் படிப்பதால் எட்டு டெராபைட்டுக்கு நான்கு நாள்களுக்கு மேல் ஆகும், ஆகட்டும். தொகுதி அளவை 4096 என்று கொடுக்க மறக்காதே, கொடுக்காவிட்டால் இந்த அளவு டிஸ்க்கில் அது ஓடாது. உள்ளதையெல்லாம் அழித்துவிடும் பரிசோதனை அது என்பதால், அந்தக் கணினியில் வேறு எந்த டிஸ்க்கும் செருகியிருக்கக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து கூரியர் வண்டி வரை அடிபட்டு வந்த டிஸ்க் சாகப்போவதானால் வெறும் டிஸ்க்காக இருக்கும்போதே சாகட்டும்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன், நீ சிரிக்கக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே முதன்முதலாக ஒரு டிஸ்க் போனபோது, மூன்றாவது டிஸ்க் பழுது என்று திரை சொன்னது. இடப்பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவதைக் கழற்றிவிட்டேன். மதர்போர்டில் டிஸ்க் கேபிள் செருகும் துறைகளுக்குப் பூஜ்யத்திலிருந்து எண் இட்டிருந்தார்கள், கேபிள்களை நானே குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருந்தேன், நான் கழற்றியது நல்ல டிஸ்க். சர்வரை இயக்கியபோது கூடு திறக்கவே இல்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது. அணைத்து, அதே டிஸ்க்கை அதே இடத்தில் செருகி மறுபடி இயக்கியதும் எழுந்துகொண்டதால் தப்பித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்கின் முன்விளிம்பிலும் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைக் காகித டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீயும் இப்போதே சர்வரை ஒருமுறை அணைத்து நான்கையும் வெளியே எடுத்து எழுதி ஒட்டிவிடு. எஸ்டிஏ, எஸ்டிபி என்று கணினி வைக்கும் பெயர்களை நம்பாதே, அவை ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் இடம் மாறலாம். வரிசை எண் மாறாது.

உன் மதர்போர்டில் ஆறு சாட்டா துறைகள் இருக்கின்றன, பெட்டியில்தான் நான்கு அறைகள். மீதமிருக்கும் அந்தத் துறைதான் உன் செல்வம். பழுதான டிஸ்க்கைக் கழற்றாமல், புதியதை ஐந்தாவது துறையில் இணைத்துவிட்டு மாற்றக் கட்டளையைக் கொடு. எழுதி முடியும்வரை பழையதும் கூட்டிலேயே இருந்து தன்னால் முடிந்ததைப் படித்துக் கொடுக்கும், உன் சலுகையும் செலவாகாது. வெளியே இருக்கும் டிஸ்க்கை இரும்புப் பெட்டியின்மேல் வைக்காதே, துணியில் சுற்றியும் வைக்காதே. நான் சாப்பாட்டு மணையின்மேல் லேபிள் மேலே பார்க்க வைத்து, மேசை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் அதன் பக்கம் திருப்பிவிடுவேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து விசிறுகிறாயா என்று கேட்டார். முடிந்ததும் அணைத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதன் அறையில் பொருத்து. எந்தத் துறையில் செருகினாலும் இசட்எஃப்எஸ் தன் டிஸ்க்கை அடையாளம் கண்டுகொள்ளும். யுஎஸ்பி பெட்டியில் வைத்து இதைச் செய்யலாமா என்று கேட்காதே. நடுவில் இணைப்பு ஒரு கணம் விட்டாலும் வம்பு.

கட்டளையில் ஒரு சொல்லில் மட்டும் கண் இருக்கட்டும். 'ரீப்ளேஸ்' என்பதற்குப் பதில் 'ஆட்' என்று கொடுத்து, அது காட்டும் எச்சரிக்கையையும் மீறி வற்புறுத்திவிட்டால், புது டிஸ்க் துணையில்லாத தனி உறுப்பாகக் கூட்டில் சேர்ந்துவிடும். உன்னுடையதுபோன்ற பேரிட்டிக் கூட்டிலிருந்து அதைப் பிறகு வெளியே எடுக்க வழியில்லை, மொத்தத்தையும் அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். சரியாகக் கொடுத்தால் திரையில் 'ரீசில்வர்' என்று ஓடத் தொடங்கும். கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூசுவது என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல்.

அது முடிந்த மறுநாள், எழுதியதையெல்லாம் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டி, பிழை பூஜ்யம் என்று பார்த்தபின்தான் அடுத்த டிஸ்க். ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணுக்கு நேரே மட்டும் கணக்கு ஏறினால் பதறாதே, பெரும்பாலும் அது கேபிள் கோளாறு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று பார்த்து அதைத் தவிர்த்துவிடு. யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதையும் முன்கூட்டியே பிளக்கைப் பிடுங்கிப் பார். அணைத்தபின் அரை நிமிடமாவது தட்டுகள் சுற்றி நிற்கக் காத்திரு, சுழலும் டிஸ்க்கைத் திருப்பாதே.

நான்காவதும் முடியும்வரை கொள்ளளவு ஒரு பைட்கூட அதிகரிக்காது, அதற்காகக் கவலைப்படாதே. கூட்டைத் தானாக விரிக்கும் ஆட்டோஎக்ஸ்பேண்ட் இயங்கும் நிலையில் இருந்தால் கடைசி டிஸ்க்குக்குப் பிறகு திரையில் ஏறத்தாழ 21 டெராபைட் என்று காட்டும். டிஸ்க் விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1024-ஆல் எண்ணுகிறது, பேரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு இடம் போய்விடுகிறது. 32 எங்கே போயிற்று என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே.

நகல் வரத் தொடங்கியதும் எனக்குத் தகவல் சொல். பழுதான டிஸ்க்கின் கடைசி நான்கு எழுத்துகளையும், அதன் இடத்துக்கு வரப்போவதன் நான்கு எழுத்துகளையும் அனுப்பு. என் நோட்டில் உன் பெயருக்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா