முக்கால் மில்லிமீட்டர் வண்டு

பிரிட்டோரியா
ஆகஸ்ட் 12

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. முட்டி வலி குறைந்ததா? பதில் தாமதமானதற்கு ஒரு வண்டுதான் காரணம். நீளம் முக்கால் மில்லிமீட்டர். நீ மெய்ப்புப் பார்க்கும் தாளில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளியை மறைத்து உட்கார்ந்தால் உன் கண்ணுக்கே தப்பிவிடும்.

இறகுச்சிறகு வண்டுகள் என்று ஒரு குடும்பம். மற்ற வண்டுகளுக்கு இறக்கை அகலமான சவ்வு. இவற்றுக்கு மெல்லிய காம்பும் அதன் ஓரமெங்கும் நீண்ட மயிரும்தான், கோழி இறகு மாதிரி. இத்தனை சிறிய உடலுக்குக் காற்றே கூழ்போலக் கெட்டி என்பதால், துடுப்புப் போட அந்த மயிரே போதும். பெண் வண்டு ஒரு சமயத்தில் ஒரே ஒரு முட்டையைத்தான் சுமக்கும். அதுவே அதன் உடலில் ஏறக்குறைய பாதி நீளம்!

இங்கே தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்து மலைக்காடு ஒன்றில் எப்போதோ சலித்தெடுத்த சருகில் கிடைத்தது. சலித்த சருகைத் துணிப்பையில் தொங்கவிட்டால், அது காயக் காயப் பூச்சிகள் கீழே இறங்கி அடியிலுள்ள சாராயக் குப்பியில் விழும். அந்தக் குப்பி இத்தனை வருடம் அலமாரியில் தூங்கியிருக்கிறது. உள்ளே கிடந்த சீட்டில் பென்சில் எழுத்து மட்டும் அழியவில்லை.

வெளித்தோற்றத்தில் ஏற்கெனவே பெயரிட்ட இனம் ஒன்றின் அச்சு அசல். வித்தியாசம் பெண்ணின் விந்துப்பையில், அதாவது ஆணிடம் பெற்ற விந்தைச் சேமித்து வைக்கும் பையில், இருக்கிறது. வண்டைக் காரக் கரைசலில் ஊறவைத்து, தசை கரைந்ததும் ஊசிமுனையால் அதை வெளியே எடுக்க வேண்டும். முதல் வண்டில் நான் தும்மித் தொலைத்தேன். விந்துப்பை எங்கே தெறித்ததோ, மேசையைத் துழாவியதுதான் மிச்சம். மூன்றாவதில் கிடைத்தது. பழைய இனத்தில் கொக்கிபோல வளைந்திருப்பது, இதில் இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது. அன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

ஆக, இது புது இனம். அதற்கு லத்தீன் பெயர் வைப்பதில் இலக்கணம் குறுக்கே வந்தது. முதலில் வரும் பேரினப் பெயர் பெண்பாலாக இருந்தால், கூடவரும் இன அடைமொழியும் பெண்பாலாக வேண்டும். 'மினூட்டஸ்' அங்கே 'மினூட்டா' ஆகிவிடும். நம் தமிழையா இருந்திருந்தால் பால்வழு என்று பிரம்பை எடுத்திருப்பார். பெயரை மட்டும் இப்போது கேட்காதே. அச்சில் வரும்வரை அது செல்லாது.

'இறகுச்சிறகு' நானாக வைத்த சொல். இறகும் சிறகும் ஒன்றுதானே என்று நீ முகம் சுளிப்பாய். நல்லதாக வேறொன்று தோன்றினால் எழுது.

அன்புடன்,
ராகவன்