கயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள பங்குத்தந்தை அவர்களுக்கும், உபதேசியார் அண்ணனுக்கும், சிஸ்டருக்கும், பக்கத்து வீடுகளாய்ச் சேர்ந்து செபிக்கிற எங்கள் அன்பியத்துக் குடும்பங்களுக்கும், பெரியப்பாவுக்கும்,

தோத்திரம்.

2025 டிசம்பர் 28ஆம் தேதி, திருக்குடும்பத் திருவிழா அன்று, திருச்சபை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை கொண்டாடுகிற யூபிலி ஆண்டு நம் மறைமாவட்டத்தில் நிறைவடைந்தது. உங்கள் எல்லோரிடமும் அன்றைக்கே நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்பதை யூபிலியின் விருதுவாக்காக ஆண்டு முழுவதும் சொன்னோம். எனக்கு எதிர்நோக்கு என்ற சொல் புதிது. அம்மா எனக்குச் சின்ன வயதில் விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதில் நடுவில் வருகிற நம்பிக்கையைத்தான் இப்போது எதிர்நோக்கு என்கிறோம் என்று பிறகுதான் புரிந்தது. நல்ல சொல். ஒரு திசையைப் பார்த்து நிற்பது அதில் இருக்கிறது. நான் எந்தத் திசையைப் பார்த்து நின்றேன் என்பதுதான் சிக்கல்.

2025 ஜனவரியில் என் வீட்டுக்காரர் கப்பலேறினார். ஒன்பது மாத ஒப்பந்தம். செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்பதால், ஐரோப்பா போகிற சரக்குக் கப்பல்கள் பலவும் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்த நேரம் அது. இவர் கப்பலும் அப்படித்தான், நன்னம்பிக்கை முனை வழியாக. கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற செயலி ஒன்றை மகன் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். ஒரு சின்னப் புள்ளி நகரும். கரையை விட்டு அதிக தூரம் போனால் இலவசச் செயலியில் அந்தப் புள்ளி அப்படியே நின்றுவிடும். செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நின்றுபோன புள்ளியைத் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

புள்ளியைப் பார்க்க எடுத்த போன் உடனே கீழே இறங்காது. பள்ளிக்கூடக் குழுவில் ஒரு செய்தி, ஜாக்கெட் மாடல் கேட்டு ஒருவர், நகைக்கடன் வட்டிக்கு நினைவூட்டல், அப்புறம் ஏதாவது ஒரு வீடியோ. காலையில் வரும் இறைவசனப் படங்கள் மட்டும் இருபது இருக்கும். எல்லாவற்றுக்கும் கைகூப்புகிற படம் அனுப்பிவிட்டு, செபம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். ஒருநாள் இரவு மகள் கேட்டாள்: “செபமாலை சொல்றீங்களா, போன் பாக்குறீங்களாம்மா?” ஒரு கையில் மாலை இருந்தது, இன்னொரு கையில் போன். அவளுக்குத்தான் என் முதல் நன்றி.

ஃபாதர், தவக்காலத்தில் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். என் பாவத்தை நானே சொல்லலாம்தானே, அதனால் எழுதுகிறேன். செயலியை அழித்துவிடு என்று சொல்வீர்கள் என்று பயந்துதான் வந்தேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. அதைத் திறக்கும் முன்னால் ஒரு பரலோக மந்திரம் சொல், நிதானமாகச் சொல், பிறகு திற என்றீர்கள். முதல் வாரம் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுத் திறந்தேன். பிறகு “உமது சித்தம்” என்ற இடத்துக்கு வரும்போது நாக்கு நின்றுவிடும். அந்தப் புள்ளியை நகர்த்துவது நானில்லை என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை எனக்கு நானே சொல்ல வேண்டி வந்தது. முப்பது பதினைந்தானது, பதினைந்து ஐந்தானது.

அன்று நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். கப்பல் பத்திரமாக வரவேண்டும் என்பது நல்ல ஆசை, அதற்காகக் கட்டாயம் மன்றாடு. ஆனால் கப்பல் வந்த பிறகும் உனக்கு ஒரு எதிர்நோக்கு வேண்டும், அது உயிர்த்த ஆண்டவர்தான் என்று. அப்போது எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. நவம்பரில் பிடிபட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுநாள், ஏப்ரல் 21, திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. அன்று நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் போனையே பார்த்தேன். எல்லாம் அவரைப் பற்றியதுதான், தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சிஸ்டர், நீங்கள் கடை வாசலில் நின்று “கோயிலுக்குப் போறேன், வாறீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. நாம் இருவரும் பின்வரிசையில் முழங்காலிட்டிருந்த அந்த அரைமணி நேரத்தில்தான் எனக்கு அழுகையே வந்தது. பக்தியான விஷயத்திலும் மனம் சிதறும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

உபதேசியார் அண்ணே, நீங்கள் மூவேளைச் செபத்துக்கு அடிக்கிற மணியை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அடித்தால் சோறு வடிக்க நேரமாச்சு என்றுதான் எங்களுக்கு அர்த்தம். இந்த வருடம் மணி கேட்டதும் மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஊசி துணியில் குத்தியபடியே நிற்கும். துணி எடுக்க வந்தவர்களும் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். காய்ச்சலோடும் நீங்கள் ஒருநாள் வந்து மணியடித்தது எனக்குத் தெரியும் அண்ணே.

இனி அன்பியத்து மைனிமார்கள், அக்காமார்கள். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்தில் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை. அதற்கு முந்தின மூன்று வாரம் தையல்காரிக்கு உறக்கம் கிடையாது. செவ்வாய்க்கிழமை செபத்துக்கு வர முடியாது, ஐம்பது ஜாக்கெட் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். ராத்திரி எட்டு மணிக்கு ஏழு பேர் கடைக்கே வந்தீர்கள். ஆளுக்கொரு ஊசியைக் கேட்டு வாங்கி, கொக்கி வைக்கவும் ஓரம் அடிக்கவும் உட்கார்ந்தீர்கள். தைத்துக்கொண்டே செபமாலை சொன்னோம். மணியை உருட்டக் கை இல்லை, அதனால் பத்துக்குப் பத்து கொக்கி என்று கணக்கு வைத்தார்கள் எதிர்வீட்டு மைனி. எவ்வளவு அழகான செபமாலை அது! அன்று நம்மோடு கொக்கி வைத்த அக்காவின் மகனும் கடலில்தான் இருந்தான். அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை, எனக்காகத்தான் மன்றாடினார்கள்.

பெரியப்பா, உங்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள். கோயில் சுவரில் ஒட்டியிருந்த யூபிலிப் படத்தை நீங்கள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா? நான்கு பேர் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு நிற்பார்கள், முதல் ஆள் சிலுவையைப் பிடித்திருப்பார், கீழே அலை, சிலுவையின் அடிப்பகுதி நங்கூரமாக முடியும். எபிரெயர் திருமுகத்தில் எதிர்நோக்கை நங்கூரம் என்று சொல்லியிருப்பதை ஃபாதர் விளக்கியிருந்தார். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, “நங்கூரம் போட்டாச்சுன்னு உறங்கிரக் கூடாது எம்மா. ராத்திரி எந்திச்சு கயித்தத் தொட்டுப் பாக்கணும். நங்கூரம் இழுபட்டா கயிறு கையில அதிரும். கடலடிப் பாறையில உரசித் தேஞ்சாலும் தேயும்” என்றீர்கள். அப்புறம் படத்தைக் காட்டி, “கயித்த வரையல பாத்தியா? இந்த நாலு பேருதான் கயிறு” என்றீர்கள். நாற்பது வருடம் கடலில் கிடந்த கை உங்களுடையது. இன்றைக்கும் இரவு படுக்கும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, இன்று என் மனம் எங்கே இழுபட்டது என்று பார்க்கிறேன். கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் அவர் வீடு வந்து சேர்ந்தார். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எல்லோரும் போல அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காத்திருந்த ஆள் பக்கத்தில் நிற்கிறார், போன் வீட்டில் கிடக்கிறது, செயலியில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்போதும் எனக்குள் ஒரு காத்திருப்பு மிச்சம் இருந்தது. அம்மாவை மறுபடி பார்ப்பேன் என்கிற காத்திருப்பு. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியும், அதை நான் ஒருநாளும் உட்கார்ந்து நினைத்ததே இல்லை. வட்டி, ஜாக்கெட், புள்ளி என்று அதன்மேல் எதையாவது போட்டு மூடியே வைத்திருந்தேன். நம்பிக்கை மந்திரத்தைத் தேடிப் பார்த்தேன், பாதிதான் நினைவில் இருந்தது. பக்கத்துக் கல்லறையில் நின்ற பாட்டி மீதியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டிக்கும் நன்றி.

மறுவாரம் இருவரும் கடலோர ஊரான மணப்பாடு போய் வந்தோம். புயலில் தப்பிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் ஒடிந்த பாய்மரத்தில் செய்து நட்ட சிலுவை என்று அங்கே சொல்வார்கள். குன்றின் மேல் நின்று கடலைப் பார்த்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரியில் அவர் மறுபடி கப்பலேறுகிறார். இந்த முறையும் ஒன்பது மாதம்தான். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆகையால் வருகிற செவ்வாய்க்கிழமை செபம் என் கடையிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாண ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, ஒன்பது ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வேண்டும். ஊசியில் நூல் கோத்து வைத்திருப்பேன். சுக்குக் காப்பியும் உண்டு. பெரியப்பா, நீங்களும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பியத்துத் தையல்காரி