கிருமாம்பாக்கத்தில் ஒரு உதை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. "எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றுமே தோன்றவில்லை, நான் நல்ல அம்மாவாக இருப்பேனா" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தாவது வாரத்தில் ஒன்று கலைந்தது உனக்குத் தெரியும். இந்த முறை நாள் தள்ளிப்போனதும் முதலில் வந்தது பயம்தான். ஸ்கேன் அறையில் இதயம் துடிப்பதைக் காட்டினார்கள். நான் திரையைப் பார்க்காமல் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆசை வைத்துவிட்டு மறுபடி இழக்க முடியாது என்று மனசு தானாக ஒதுங்கிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "அழாதே, புள்ளைக்கு ஆகாது" என்றார்கள். அன்பில் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டபிறகு அழுகையோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. வாயும் வயிறுமாக இருப்பவளிடம் சந்தோஷமாக இரு என்று கட்டளை போடுவது எவ்வளவு பெரிய பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அஞ்சாம் மாசச் செக்கப்பில் நர்சம்மா பி.பி. பார்த்துவிட்டு, கையிலிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டே, "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நின்றும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. உலகத்தில் பத்தில் ஒரு கர்ப்பிணிக்கு இப்படி மனசு சரியில்லாமல் போகிறது, நம்மைப் போன்ற நாடுகளில் இன்னும் கூடுதல் என்றார். ஒரு நாள் அழுதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ரெண்டு வாரம் தொடர்ந்து தூக்கமோ பசியோ எதிலும் பிடிப்போ இல்லையென்றால், சத்து மாத்திரை கேட்டு வாங்குகிற மாதிரி இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். சீட்டின் ஓரத்தில் 14416 என்று எழுதிக் கொடுத்தார். டெலி மானஸ், மனசு சரியில்லாதவர்கள் பேசுவதற்கு அரசாங்கம் நடத்தும் போன் உதவி. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நான் ரெண்டு தடவை பேசினேன். நீயும் இந்த நம்பரைக் குறித்து வைத்துக்கொள்.

அப்புறம் இவர் கதையைச் சொல்ல வேண்டும். பாண்டி ரூட்டில்தானே கண்டக்டர் வேலை. குழந்தையோடு பேசுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ராத்திரி டூட்டி முடிந்து வந்து வயிற்றருகே உட்காருவார். என்ன பேசுவது என்று தெரியாது. ஒரு நாள் ஸ்டாப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "கன்னியகோவில்... கிருமாம்பாக்கம்..." கிருமாம்பாக்கத்தில் விழுந்தது பார் ஒரு உதை! அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி "கிருமாம்பாக்கம்" என்றார், குரல் நடுங்கியது. இன்னொரு உதை. தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் முடிந்து பாண்டி போய்ச் சேர்வதற்குள் ரெண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம். தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அந்த உதைக்காகக் காத்திருக்கிறவளாக மாறிவிட்டேன்.

இருபத்து நாலு வாரத்துக்கு மேல் வெளிச்சத்தம் உள்ளே கேட்குமாம். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், அம்மா குரலைக் கேட்பதற்காகச் சூப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டதாக 1980-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து கீரை ஆயும்போதுகூட அதனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

உனக்கு இப்போதுதான் பதினாலு வாரம். தலைப்பிள்ளைக்கு அசைவு தெரியவே பதினெட்டு, இருபது வாரம் ஆகும். இன்னும் தன் இருப்பைக் காட்டாத ஓர் உயிர்மேல் பாசம் பொங்கவில்லை என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, கலா. நீ உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு வளைகாப்பு. அம்மா பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாள். வளையல் சத்தம் உள்ளே இருக்கிற குழந்தைக்குத்தான் என்று அவள் சின்ன வயதிலிருந்து சொல்வதை இப்போது நம்புகிறேன். டாக்டர் பயணம் போகலாம் என்றால் முதல் நாளே வந்துவிடு. சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். நீ பேசவேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உன்,
செல்வி